கடல் இல்லாத ஊரிலிருந்து கடற்படைக் கப்பல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே பையன்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். பாதிப் பேர் ராணுவத்துக்கு, கொஞ்சம் பேர் போலீசுக்கு, இரண்டு மூன்று பேர் மட்டும் நேவிக்கு. நான் கடற்படையில் 15 வருடம் இஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். ஓட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இந்தப் பையன்கள் கேட்பதும், கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்.

வடாற்காட்டில் பட்டாளத்துக்காரர் என்றாலே ராணுவத்துக்காரர்தான். கம்மவான்பேட்டை மாதிரி ஊரில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ராணுவத்தில் இருந்த வீடுகள் உண்டு. ரெஜிமெண்ட் பெயர்கள் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கப்பல் பெயர் கேட்டால் பெரியவர்களே விக்ராந்த்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருந்தது. அதனால்தான் சொன்ன பதில்களை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். எண்ணிக்கைகள் 2025 கடைசி நிலவரப்படி.

அரக்கோணத்தில் கடலே இல்லை. அங்கே இருப்பதை ஏன் ஐ.என்.எஸ். ராஜாளி என்று கப்பல் மாதிரிச் சொல்கிறார்கள்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஐ.என்.எஸ். என்றால் இந்தியக் கடற்படைக் கப்பல் என்று பொருள். ராஜாளியோ விமானத் தளம். மிதக்கிற கப்பல் அங்கே ஒன்றும் கிடையாது.

இது பிரிட்டிஷ் காலத்து வழக்கம். கடற்படையின் ஒழுங்குச் சட்டம் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் செல்லும் என்று அப்போது இருந்தது. கரையில் வேலை செய்கிறவர்களை எப்படி அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது? கரையில் இருக்கும் தளத்தையே ஒரு கப்பலாகப் பதிவு செய்துவிட்டார்கள். அந்த வழக்கம் நம்மிடமும் தங்கிவிட்டது. ராஜாளிக்கும் கப்பலைப் போலவே முறைப்படி பணியமர்த்தும் விழா நடந்தது. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமன் அதைத் தொடங்கிவைத்தார். அப்போது அரக்கோணம் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு வேலூர் மாவட்டம், 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். தளம் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட தளங்களில் பேச்சும் கப்பல் பேச்சாகவே இருக்கும். தரையை ‘டெக்’ என்பார்கள், சமையற்கூடத்தைக் ‘கேலி’ என்பார்கள். வாசலைத் தாண்டி டவுனுக்குப் போனால் ‘கரைக்குப் போவது’. வயல்காட்டுக்கு நடுவே நின்றுகொண்டு கரைக்குப் போகிறேன் என்று சொல்வது முதலில் வேடிக்கையாக இருக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

தமிழ்நாட்டில் உள்ள மற்றவையும் இதே வகைதான். விஜயநாராயணத்தில் கட்டபொம்மன், உச்சிப்புளியில் பருந்து, சென்னையில் அடையாறு. எல்லாமே ஐ.என்.எஸ்., எல்லாமே கரையில். செய்தியில் ஐ.என்.எஸ். என்று பார்த்தவுடன் கப்பல் என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

அப்படியானால் ராஜாளிக்கும் கடலில் இருக்கும் கப்பல்களுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கப்பலில் நின்று பார்த்தால் அடிவானம் வரைதான் தெரியும். ரேடாருக்கும் அதே கட்டுப்பாடு உண்டு, பூமி உருண்டையாக இருப்பதால். விமானம் உயரத்தில் இருந்து பல நூறு மைல் பார்க்கும். அரக்கோணத்தில் இருந்து பறக்கும் பி-8ஐ விமானம் போயிங் 737 பயணிகள் விமானத்தை வைத்து உருவாக்கியது. ரயிலில் போகும்போது சாம்பல் நிறத்தில் ஜன்னல் இல்லாத போயிங் ஒன்று தாழ்வாக இறங்குவதைப் பார்த்திருந்தால், அது அதுவாகத்தான் இருக்கும். 2013இல் வரத் தொடங்கியது, மொத்தம் 12 வாங்கினார்கள், சில கோவாவில் நிற்கின்றன. கடலில் சின்னச் சின்ன ஒலிவாங்கி மிதவைகளைப் போட்டு நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கும், தேவைப்பட்டால் தண்ணீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் டார்பிடோவும் போடும். 2014இல் காணாமல் போன மலேசிய விமானத்தைத் தேடுவதற்கும் இவை பறந்தன.

அதற்கு முன்னால் அரக்கோணத்தில் நின்றது ரஷ்யாவின் டி.யு.-142. நான்கு இஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறி. அதன் முழக்கம் கேட்டு வளர்ந்த அரக்கோணத்துக்காரர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது.

ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கு மேல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் இறங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்கும் இங்கேதான் பயிற்சி. கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியான அனாமிகா பி. ராஜீவ் 2024 ஜூனில் இங்கேதான் பயிற்சி முடித்தார்.

சரி, உண்மையாகவே மிதக்கிற கப்பல்கள் மொத்தம் எத்தனை?

நீர்மூழ்கிகளையும் சேர்த்துச் சுமார் 140. இதில் விமானம் தாங்கி 2, டெஸ்ட்ராயர் 13. மீதி எல்லாம் ஃப்ரிகேட், கார்வெட், ரோந்துக் கப்பல், தரையிறக்கும் கப்பல், எண்ணெய்க் கப்பல், அளவைக் கப்பல், பயிற்சிக் கப்பல் என்று பிரியும். மும்பையை மையமாக வைத்து மேற்குப் படை, விசாகப்பட்டினத்தை வைத்துக் கிழக்குப் படை. கொச்சி பெரும்பாலும் பயிற்சிக்கு. அந்தமானில் முப்படைகளும் சேர்ந்த தனிக் கட்டளையகம் இருக்கிறது.

எல்லாக் கப்பலும் எப்போதும் கடலில் இருக்காது. எத்தனை கப்பல் என்று கேட்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு பங்கு எப்போதும் பழுதுபார்ப்பில், இன்னொரு பங்கு பயிற்சியில் அல்லது துறைமுகத்தில். பட்டியலின் நீளத்தை விட, இன்று கிளம்பு என்றால் கிளம்பக்கூடிய கப்பல் எத்தனை என்பதுதான் கணக்கு. இஞ்சின் அறையில் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு.

விக்ராந்த் பழைய கப்பல்தானே? உடைத்துவிட்டதாகச் சொன்னார்களே?

இரண்டு விக்ராந்த் உண்டு. பழையது பிரிட்டனில் கட்டியது, 1961இல் படையில் சேர்ந்தது. 1971 போரில் வங்கக் கடலில் வேலை செய்தது அதுதான். 1997 ஜனவரியில் ஓய்வு பெற்று, பல வருடம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, கடைசியில் உடைபட்டது. இப்போது இருப்பது கொச்சியில் நாமே கட்டியது. 2022 செப்டம்பர் 2 அன்று படையில் சேர்ந்தது. கடற்படையின் வழக்கம் இது. கப்பல் ஓய்வு பெற்றாலும் பெயர் ஓய்வு பெறாது.

நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர். காட்பாடி ஜங்ஷனில் நிற்கும் ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலில் பதினொரு பெட்டிகளை எண்ணிப் பாருங்கள், அவ்வளவு நீளம். உள்ளே சுமார் 2,300 அறைகள், சுமார் 1,600 பேர். நான்கு கேஸ் டர்பைன் சேர்ந்து 88 மெகாவாட் சக்தி. கட்டுவதற்கான விசேஷ எஃகு ரஷ்யாவில் இருந்து கிடைக்காமல் போனபோது, அதையும் இங்கேயே உருவாக்கினார்கள். செயில் நிறுவனத்தின் ஆலைகள் தயாரித்த எஃகு அது. விக்ராந்த்தில் எனக்குப் பெரிய விஷயம் இதுதான். ஒரு கப்பலுக்காகக் கற்றுக்கொண்டது பிறகு வந்த கப்பல்களுக்கெல்லாம் உதவியது.

இன்னொன்று விக்ரமாதித்யா. ரஷ்யாவின் பழைய அட்மிரல் கோர்ஷ்கோவ் கப்பலை மாற்றிக் கட்டி 2013 நவம்பரில் வாங்கியது. 284 மீட்டர், விக்ராந்த்தை விடக் கொஞ்சம் நீளம்.

விமானம் எப்படி அவ்வளவு சின்ன இடத்தில் இறங்குகிறது என்று பையன்கள் கட்டாயம் கேட்பார்கள். ஏறுவதற்கு முன்பக்கம் சரிவு மாதிரி மேலே வளைந்திருக்கும், அது விமானத்தை மேல்நோக்கி எறியும். இறங்கும்போது விமானத்தின் வால் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் இரும்புக் கம்பி வடங்களில் ஒன்றில் மாட்டும். சுமார் 100 மீட்டருக்குள் நின்றுவிடும். சக்கரம் தளத்தைத் தொட்டவுடன் விமானி வேகத்தைக் குறைக்கமாட்டார், முழு வேகம் கொடுப்பார். கொக்கி மாட்டாமல் போனால் அப்படியே மறுபடி மேலே எழும்ப வேண்டுமே, அதற்காக. இப்போது இரண்டு கப்பலிலும் மிக்-29கே விமானங்கள். 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

விமானம் தாங்கி தனியாகப் போகாது. சுற்றிலும் டெஸ்ட்ராயர், ஃப்ரிகேட், எண்ணெய்க் கப்பல் என்று ஒரு கூட்டமே போகும். தேர் என்றால் வடம் பிடிக்கிறவர்கள், கட்டை போடுகிறவர்கள் எல்லாம் சேர்ந்ததுதானே, அது மாதிரி.

டெஸ்ட்ராயர், ஃப்ரிகேட், கார்வெட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

அளவும் வேலையும். டெஸ்ட்ராயர் பெரியது, எல்லா வகை ஆயுதமும் கொண்டது. ஃப்ரிகேட் அதற்கு அடுத்தது. கார்வெட் சின்னது, கரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு. பத்திரிகைகள் டெஸ்ட்ராயரை நாசகாரிக் கப்பல் என்று எழுதும். கப்பலில் இருக்கும் தமிழ்ப் பையன்கள்கூட டெஸ்ட்ராயர் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இந்தக் கோடு இப்போது அழிந்துகொண்டே வருகிறது. பழைய ராஜ்புத் வகை டெஸ்ட்ராயர்கள் சுமார் 5,000 டன். அதில் ரணா, ரன்வீர், ரன்விஜய் இன்னும் ஓடுகின்றன. 2025 ஜனவரியில் சேர்ந்த நீலகிரி ஃப்ரிகேட்தான், ஆனால் அவற்றை விடப் பெரியது, 6,600 டன்னுக்கு மேல். எனவே பெயரை விட ஆயுதத்தைப் பாருங்கள். புதிய டெஸ்ட்ராயர்களான விசாகப்பட்டினம், மர்மகோவா, இம்பால், சூரத் நான்கிலும் தலா 16 பிரமோஸ் ஏவுகணைகள். நீலகிரியில் 8. இரண்டிலுமே வானில் வரும் விமானத்தையும் ஏவுகணையையும் அடிக்கும் பராக்-8 இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய டெஸ்ட்ராயர் ஐ.என்.எஸ். சென்னை. கொல்கத்தா, கொச்சி என்ற இரண்டுக்குப் பிறகு அதே வகையில் மூன்றாவதாக 2016 நவம்பரில் மும்பையில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் லைலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலில் கொள்ளையர்கள் ஏறிவிட்டார்கள். உள்ளே இருந்த மாலுமிகள் 21 பேர், அதில் 15 பேர் இந்தியர்கள். பாதுகாப்பான ஓர் அறையில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடற்படை விமானம் மேலே வட்டமிட, சென்னை விரைந்து போய்த் தன் கமாண்டோக்களை இறக்கியது. 21 பேரும் பத்திரம். அந்தச் செய்தியை டீக்கடையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

கப்பல்களுக்குப் பெயர் எப்படி வைக்கிறார்கள்?

வகைக்கு ஒரு முறை. பழைய ராஜ்புத் வகையைத் தவிர மற்ற டெஸ்ட்ராயருக்கு நகரங்கள், நீலகிரி வகைக்கு மலைகள், கமோர்ட்டா வகைக் கார்வெட்டுகளுக்குத் தீவுகள். கத்மத், கில்டான், கவரத்தி மூன்றும் லட்சத்தீவில் இருக்கின்றன, கமோர்ட்டா நிக்கோபாரில். ரஷ்யாவில் கட்டிய தல்வார் வகைக்கு எல்லாமே ‘த’ எழுத்தில் தொடங்கும். நீர்மூழ்கிகளில் கல்வரி என்பது ஆழ்கடலின் புலிச் சுறா.

குக்ரி என்ற பெயரைக் கேட்டால் பழைய மாலுமிகள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். 1971 டிசம்பர் 9 இரவு பாகிஸ்தான் நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு அந்த ஃப்ரிகேட் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு வரவில்லை. பிறகு அதே பெயரில் ஒரு கார்வெட் வந்து, அதுவும் தன் காலம் முடிந்து 2021இல் ஓய்வு பெற்றது.

கப்பலை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வருகிறது, இரண்டு வருடம் கழித்து அதே கப்பல் படையில் சேர்ந்தது என்கிறார்களே?

முதலாவது வெள்ளோட்டம். உடம்பு தயார், தண்ணீரில் மிதக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இஞ்சின், வயர், ஆயுதம் எல்லாம் பொருத்தி, கடலில் ஓட்டிப் பார்த்து, குறை தீர்த்து, கடைசியில்தான் படையில் சேரும். அன்று முதல்தான் ஐ.என்.எஸ். வீடு கட்டுகிறவர்களுக்கு இது புரியும், தளம் போடும் நாள் வேறு, பால் காய்ச்சும் நாள் வேறு.

நீர்மூழ்கி எவ்வளவு நாள் தண்ணீருக்கு அடியில் இருக்கும்?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. டீசல் நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் மின்கலத்தில் ஓடும். கலம் இறங்கினால் டீசல் இஞ்சினைப் போட்டு ஏற்ற வேண்டும், டீசல் எரியக் காற்று வேண்டும். அதனால் மேல்மட்டத்துக்கு அருகில் வந்து ஒரு குழாயை வெளியே நீட்டிக் காற்று இழுக்கும். அந்த நேரத்தில்தான் அது அகப்பட வாய்ப்பு அதிகம். பி-8ஐ விமானம் காத்திருப்பதும் அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான்.

இந்த வகையில் நம்மிடம் மூன்று குடும்பம். ரஷ்யாவின் கிலோ வகை, ஜெர்மனி வடிவமைப்பில் சிசுமார் வகை நான்கு, பிரான்ஸ் வடிவமைப்பில் மும்பையில் கட்டிய கல்வரி வகை ஆறு. அந்த ஆறும் கல்வரி, காந்தேரி, கரஞ்ச், வேலா, வாகீர், வாக்ஷீர். முதல் கப்பல் 2017 டிசம்பரில் சேர்ந்தது, கடைசிக் கப்பல் 2025 ஜனவரியில். ஒன்று 67.5 மீட்டர், மூன்று ரயில் பெட்டி நீளம்கூட இல்லை. அதற்குள் நாற்பது சொச்சம் பேர், டார்பிடோக்கள், இஞ்சின், சமையல், தூக்கம் எல்லாம். குளிப்பதற்குத் தண்ணீர் கணக்குப் பார்த்துத்தான். பகலா இரவா என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அணுசக்தி நீர்மூழ்கி வேறு ரகம். அணு உலைக்குக் காற்று தேவையில்லை, மாதக்கணக்கில் அடியிலேயே இருக்கலாம். உணவுதான் எல்லை. அரிஹந்த் 2009இல் விசாகப்பட்டினத்தில் வெள்ளோட்டம் கண்டு, 2016இல் சத்தமில்லாமல் படையில் சேர்ந்தது. அரிகாத் 2024 ஆகஸ்டில். இந்த உலையின் முன்மாதிரியைத் தரையில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்த இடம் நம் கல்பாக்கம். இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது என்று சொன்னால் பையன்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

நீர்மூழ்கியில் வேலை செய்கிறவர்கள் எங்கே போனோம் என்று வீட்டில்கூடச் சொல்லமாட்டார்கள். உங்கள் சொந்தத்தில் அப்படி யாராவது இருந்தால் தோண்டித் துருவிக் கேட்க வேண்டாம்.

சண்டைக்குப் போகாத கப்பல்கள் எதற்கு?

இந்தக் கேள்வி வந்தால் நான் உட்கார்ந்துவிடுவேன். என் சர்வீஸில் பாதி எண்ணெய்க் கப்பலில் போனது.

போர்க்கப்பலுக்கு ஒவ்வொரு முறையும் எண்ணெய் போடத் துறைமுகம் திரும்ப முடியாது. அதனால் தீபக், சக்தி, ஜோதி, ஆதித்யா என்ற எண்ணெய்க் கப்பல்கள் கடலிலேயே நிரப்பும். இரண்டு கப்பலும் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. நடுவே நாற்பது ஐம்பது மீட்டர்தான் இடைவெளி. முதலில் மெல்லிய கயிறு போகும், அதைப் பிடித்துத் தடித்த கயிறு, அப்புறம் கம்பி வடம், அதில் தொங்கியபடி குழாய். இரண்டு கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் ஆற்று வெள்ளம் மாதிரி சுழித்துப் பாயும், கப்பல்களை ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கும். சுக்கான் பிடிக்கிறவர் அரை டிகிரி தவறினாலும் ஆபத்து. இஞ்சின் அறையில் நாங்கள் சுற்று எண்ணிக்கையை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல். மணிக்கணக்கில். இரவிலும் நடக்கும், வெளிச்சம் குறைத்துவிட்டு. முடிந்து குழாய் கழன்றதும் கப்பல்கள் விலகும்போது இரண்டு தளத்திலும் கை அசைப்பார்கள். ஒரு முறை எதிர்க் கப்பலில் இருந்து யாரோ குடியாத்தம் என்று கத்தியதாக மேல்தளத்தில் இருந்தவர் வந்து சொன்னார். யார் என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் ஜலஷ்வா. அமெரிக்காவிடம் 2007இல் வாங்கிய பெரிய தரையிறக்கும் கப்பல். டாங்கிகளையும் வீரர்களையும் கரையில் இறக்குவதற்கானது. 2020 கொரோனா காலத்தில் கொழும்பு, மாலே, ஈரானின் பந்தர் அப்பாஸ் ஆகிய இடங்களில் தவித்த நம்மவர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. ஈரானில் இருந்து வந்தவர்களில் தமிழ்நாட்டு மீனவர்கள் நிறைய. அந்த வருடம் கடற்படை மொத்தம் 3,992 பேரைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தது.

2025 நவம்பரில் இலங்கையைப் புயல் தாக்கியபோது விக்ராந்த்தும் உதயகிரியும் கொழும்பில்தான் இருந்தன, கப்பல் அணிவகுப்புக்குப் போயிருந்தன. தங்களிடம் இருந்த பொருட்களை உடனே இறக்கிக் கொடுத்தன.

கடலடியை அளந்து வரைபடம் போடும் சந்தாயக், முக்குளிப்பவர்களையும் நீர்மூழ்கி மீட்பையும் கவனிக்கும் நிஸ்தார் இவையும் இந்த வரிசையில் சேரும்.

எல்லாம் ரஷ்யாவில் வாங்கியதுதானே?

ஒரு காலத்தில் அப்படித்தான். 2025 ஜூலை 1 அன்று ரஷ்யாவின் கலினின்கிராடில் சேர்ந்த தமால்தான் வெளிநாட்டில் கட்டி வாங்கும் கடைசிப் போர்க்கப்பல் என்று கடற்படை சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய துஷில் அங்கேயே கட்டியது, ஆனால் அதன் டர்பைன்கள் உக்ரைனில் செய்தவை. அந்த இரண்டு நாடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரே கப்பலில் இரண்டின் கைவேலையும். இஞ்சின்காரனுக்கு இது மனதை என்னவோ செய்கிற விஷயம்.

இங்கே மும்பை மசகான், கொல்கத்தா கார்டன் ரீச், கோவா, கொச்சி, விசாகப்பட்டினம் எல்லாவற்றிலும் கட்டுகிறார்கள். நமக்குப் பக்கத்தில் எண்ணூரைத் தாண்டிக் காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளம் இருக்கிறது. 2025 ஜூனில் சேர்ந்த அர்ணாலா அங்கேதான் உருவானது. 77 மீட்டர், கரையோர ஆழமற்ற நீரில் நீர்மூழ்கியைத் தேடும் கப்பல். அதே வேலைக்கான அந்த்ரோத், மாஹே இரண்டும் அதே வருடம் சேர்ந்தன.

ராணிப்பேட்டையில் பெல் ஆலை தெரியும் அல்லவா? அதே நிறுவனத்தின் ஹரித்வார் ஆலைதான் நம் போர்க்கப்பல்களின் முன்பக்கம் இருக்கும் 76 மில்லிமீட்டர் பீரங்கியைச் செய்கிறது.

கோஸ்ட் கார்டும் நேவியும் ஒன்றா?

இல்லை. இரண்டும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், ஆனால் தனித்தனி. கோஸ்ட் கார்டு 1977இல் தொடங்கியது, கப்பல் வெள்ளை நிறம், பக்கவாட்டில் சாய்ந்த பட்டை. கடற்படைக் கப்பல் சாம்பல் நிறம்.

பெண்கள் கப்பலில் போகிறார்களா?

போகிறார்கள், கப்பலுக்குத் தலைமையும் ஏற்கிறார்கள். நான் மிகவும் பெருமைப்படுவது தாரிணிப் பாய்மரப் படகைப் பற்றி. 56 அடி, ஒரு ரயில் பெட்டியை விடச் சின்னது. 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபரில் தில்னா, ரூபா என்ற இரண்டே பேர் கிளம்பி, எட்டு மாதத்தில் சுற்றி முடித்து 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். ரூபா பாண்டிச்சேரிப் பெண். நம்ம ஊரில் இருந்து செஞ்சி வழியாகப் போனால் நாலு மணி நேரத்தில் போய்விடலாம் என்கிற ஊர்.

கப்பலை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

விசாகப்பட்டினம். காட்பாடியில் இருந்தே நேரடி ரயில் இருக்கிறது. ராமகிருஷ்ணா கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கியைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள், உள்ளே நடந்து பார்க்கலாம். குனிந்து போங்கள், தலை இடிக்கும். அதற்கு எதிரிலேயே பழைய டி.யு.-142 ஒன்று நிற்கிறது, அரக்கோணத்தில் இருந்த அதே வகை. அரக்கோணத்துக்காரர் யாராவது கூட வந்தால் அவரை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். டிசம்பர் 4 கடற்படை தினம், 1971இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நாள். அதை ஒட்டி விசாகப்பட்டினம், மும்பை, கொச்சி போன்ற இடங்களில் ஓடும் கப்பல்களையே பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவது உண்டு. அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ராஜாளிக்கு அப்படிப் போக முடியாது. வேலிப் பக்கம் நின்று போட்டோ எடுப்பதும் குற்றம்.

பாலாற்றில் தண்ணீரே இல்லை, என் பையனுக்கு நீச்சல் தெரியாது. நேவியில் சேர முடியுமா?

முடியும். ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் இருக்கும் பயிற்சித் தளத்தில் நீச்சல் கற்றுத்தருவார்கள், தேர்ச்சி பெற்றுத்தான் ஆக வேண்டும். எங்கள் தலைமுறை விவசாயக் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கற்றது. இப்போது கிணறுகளும் வறண்டுவிட்டன, அதனால் இந்தப் பயம் எல்லா அம்மாக்களுக்கும் இருக்கிறது. தண்ணீரைப் பார்த்து நடுங்காமல் இருந்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் இன்னொன்றைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். என் காலத்தில் 15 வருடம் முடித்தால் பென்ஷன். இப்போது அக்னிவீர் முறை, நான்கு வருடம், அதன் பிறகு அதிகபட்சம் நான்கில் ஒருவரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களுக்கு ஒரு பிரிவு, பத்தாவது முடித்தவர்களுக்கு இன்னொரு பிரிவு. முதல் பிரிவில் போகிற பையன் இஞ்சின், மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ் என்று ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டால், நான்கு வருடத்தில் திரும்பினாலும் வேலை கிடைக்கும். சனி, ஞாயிறு காலையில் மைதானத்துக்கு அனுப்புங்கள். நான் இருப்பேன்.